சகலை வீட்டுக் கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பார்த்துக்கூட இல்லை, பார்க்காமலேயே பட்டேன். அது காரமடையில் என் சகலை வீட்டில் இருந்தது. ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து திரும்பி வந்த என் மனைவி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று, “ஏனுங்க, அவங்க ஊட்ல கம்ப்யூட்டர் சத்தமே வரலீங்க” என்றாள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் பங்குனி வரைக்கும் அணையவில்லை.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம், காரமடைக்கு வெளியே சொந்தத் தோட்டத்தில் வீடு. வாயால் அவர் என்றுதான் சொல்வேன், மனசுக்குள் அவன். எங்கள் பக்கத்து ஆள் பொறாமையில் எத்தனை காய்ந்தாலும் மரியாதையில் குறை வைக்கமாட்டான்.

காய்ச்சலுக்குக் காரணம் பழையது. மாமனார் வீட்டில் மூன்று வருடம் நான் ஒரே மாப்பிள்ளையாக இருந்தவன். நாட்டுக்கோழி அடித்தால் ஈரல் என் இலைக்கு வரும். அவர் வந்த பிறகு ஈரல் பாதியாயிற்று. அதற்கடுத்த வருடம் மாமியார், “சின்ன மாப்பிள்ளைக்கு ஈரல்னா உசிருங்க, நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க” என்று என்னிடமே சொல்லிவிட்டு முழுசையும் அங்கே கொண்டுபோனார். எனக்கு ஈரல் அத்தனை பிடிக்காது, ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. இன்னொரு தடவை மாமனாரின் கிணற்று மோட்டார் நின்றுபோனது. மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிற நான் பக்கத்தில் நின்று, உள்ளே காயில் கம்பிச் சுருள் புகைந்துவிட்டது என்று சொல்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதற்கும் சின்ன மாப்பிள்ளை வந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றார். பாக்கு வியாபாரியிடம், மோட்டாரைப் பற்றி.

அந்த மோட்டார் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங்கில் வேலை, இருபத்தாறு வருடமாக. பம்ப் செட்டை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் இருக்கிற இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லிவிடும். மெஷின் வைத்துப் பார்க்கிற காலம் வந்த பிறகும் சந்தேகமாக இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவள். பையன் வெளியூரில் வேலைக்குப் போனதும் கணபதியில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிற ஒரு அமைப்பு இருக்கிறது. அதற்குப் படித்துக்கொடுக்க ஆரம்பித்தாள். மைக் ஒன்று வாங்கினாள். பையன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தது. பிளஸ் டூ வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்து, ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முழுசும் வேண்டும் என்றார்கள். முதல் மூன்று பாடத்தைப் படித்து அனுப்பினாள். மூன்றும் திரும்பி வந்தது. குரல் நன்றாக இருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகளுக்குத் தலை வலிக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அவள் பேச்சுக்குப் பின்னால் ங்ங்ங் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றல்ல, மூன்று. பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கிற சின்ன ஃபேனின் கீச்சு, பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபேனின் உறுமல், பழைய ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பு. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நாலு வருடமாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

சரி செய்கிறேன், ஒரு பத்து நாள் பொறு என்றேன். பத்து நாள் ஒரு மாதமாயிற்று. அந்த ஒரு மாதத்தில்தான் அவள் தங்கை வீட்டில் படித்துப் பார்க்கிறேன் என்று காரமடைக்குப் போய், வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். அங்கே படித்ததை அமைப்புக்காரர்கள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். உடனே அவளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனிமேல் சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிப் போய், ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாளாம். புத்தகம் முடிகிற வரைக்கும் அப்படித்தானாம்.

எனக்கு வாரத்தில் லீவு ஞாயிறு ஒரு நாள். அந்த ஒரு நாளும் என் மனைவி சகலை வீட்டில் இருப்பாள், நான் சனிக்கிழமை வைத்த ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. சத்தத்தைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற என் வீட்டில் படிக்க முடியாமல், பாக்கு மூட்டை தூக்குகிற ஆள் வீட்டில் போய்ப் படிக்கிறாள். இது மாமனார் காதுக்குப் போகாமல் இருக்குமா.

ஆனது ஆகட்டும், தை பிறப்பதற்குள் சத்தமில்லாத ஒரு கம்ப்யூட்டர் இந்த வீட்டில் இருக்கும், அதற்கப்புறம் நீ எங்கேயும் போக வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள். அதோடு நிறுத்தாமல், “அவரு என்ன பண்ணியிருக்காருன்னா...” என்று ஆரம்பித்தாள். எனக்கு அது தெரிய வேண்டாம் என்றேன். இன்னொரு நாள் சாப்பிடும்போது மறுபடி எடுத்தாள். அந்த ஆள் பேச்சை எடுத்தால் நான் எழுந்துவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

கேட்காததால் எனக்கு என்ன ஆயிற்று என்றால், அந்தக் கம்ப்யூட்டரை நானே மனசுக்குள் கட்ட ஆரம்பித்தேன். வெளிநாட்டு ஃபேனாக இருக்கும். காசு இருக்கிறது, பெரிய ஃபேனாகப் போட்டு மெதுவாக ஓட்டுவான். கம்பெனியில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் ஸ்க்ரூ டிரைவரும் கண்ணில் காரமடையுமாக நிற்பேன். ஒரு வாரத்தில் அந்தப் பெட்டி என் மண்டைக்குள் பீரோ அளவுக்கு வளர்ந்துவிட்டது.

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கோட்டைமேட்டிலிருந்து வந்து இருபது வருடமாகக் கடை நடத்துகிற பாய் ஒருவர். நிதானமான மனிதர். முதலில் கண்ணாடிக் கதவு வைத்து உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டிகளைக் காட்டினார். கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருந்தது. அதெல்லாம் வேண்டாம், எனக்குச் சத்தம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றேன். எதற்கு என்று கேட்டார். படித்துப் பதிவு செய்வதற்கு என்றேன். அதன் பிறகு அவருக்கே ஒரு ஆர்வம் வந்துவிட்டது.

ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். கரண்ட் குறைவாகத் தின்கிற பிராசசர், ஏனென்றால் தின்பது குறைந்தால் சூடும் குறையும். தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அதற்கு ஒரு ஃபேன் தேவைப்படும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் உள்ளே எதுவும் அசையாத எஸ்எஸ்டி. கதவுகளின் உட்பக்கம் தடிமனான ஃபோம் ஒட்டிய கறுப்புப் பெட்டி. இதுவரைக்கும் எங்களுக்குள் பேச்சு வெண்ணெயாகப் போனது. கூலிங் என்று வந்ததும் நின்றது.

பாய் சொன்னது சரியான பேச்சு. ஒரு பெரிய ஃபேனைப் போட்டு மெதுவாக ஓடவிடுங்கள், சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் கத்தும், பெரிசு மெதுவாகச் சுற்றினால் அதே காற்றைத் தள்ளும், காதுக்குத் தெரியாது என்றார். இதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பம்பிலும் அதே கணக்குதான். ஆனால் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது சகலை செய்திருக்கிற வேலை என்று நான்தான் முடிவு செய்து வைத்திருந்தேனே. அவன் வீட்டில் சத்தம் குறைவு என்றால் என் வீட்டில் சத்தம் என்பதே இருக்கக்கூடாது.

ஃபேனே வேண்டாம் என்றேன். பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற, ஃபேன் இல்லாத பெரிய ஹீட்சிங்க் இருக்கிறது, அலுமினியத் தகடு அடுக்கடுக்காக, நடுவில் செம்புக் குழாய், முட்டைக்கோசு அளவுக்கு இருக்கும். பவர் சப்ளையும் ஃபேன் இல்லாமல் வருகிறது. ஆனால் ஃபோம் வைத்த பெட்டிக்குள் அதையெல்லாம் போட்டு மூடினால் சூடு எங்கே போகும் என்று கேட்டார்.

“நம்ம கோயமுத்தூர்ல எதுக்குங்க பாய் ஃபேனு? பாலக்காட்டுக் காத்து இருக்குதுங்களே” என்றேன்.

இந்த ஒரு நோய் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. வெளியூர்க்காரன் யாராவது வந்தால் முதலில் தண்ணீரைக் கொடுத்து சிறுவாணி என்போம், அடுத்தது எங்கள் ஊர் கிளைமேட். கணவாய் வழியாக வருகிற காற்றை எங்கள் பாட்டன் பூட்டன் கட்டி வைத்துவிட்டுப் போன மாதிரி பேசுவோம். வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டிருப்பதும் வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டதும் தெரியும், பேச்சில் மட்டும் இறங்கமாட்டோம். பாய் எங்கள் இருவருக்கும் மேலே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, பில் போட உள்ளே போனார்.

மார்கழியில் ஒரு வாரம் அவளைக் காரமடைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்து எல்லாவற்றையும் பூட்டினேன். பிராசசர் தலையில் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் ஒரு கடலைப்பருப்பு அளவு வைத்து, அந்த முட்டைக்கோசை உட்கார வைத்து, நாலு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். பம்புக்கு மூடி போடுகிற மாதிரி. மேற்குப் பக்க ஜன்னலை ஒட்டி மேஜையைப் போட்டு, காற்று நேராகப் படட்டும் என்று பெட்டியை ஜன்னல் கட்டைக்கு அருகிலேயே வைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையோ என்று நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து பெட்டி மேல் வைத்துக் காதைக் கொடுத்தேன். சுடுகாடு மாதிரி இருந்தது. எனக்கு நானே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

மனைவி மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். அவள் நேரம் அதுதான். காலையில் மயில் கத்தும், தண்ணீர் லாரி வரும், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும். வார நாளில் எதிரே வீடு கட்டுகிற சத்தம் ஓயாது, ஞாயிறு மட்டும் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் தெருவே தூங்கும். சீலிங் ஃபேனை நிறுத்தி, மைக்கில் காற்று அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திவிட்டாள். பாலக்காட்டுக் காற்றுக்காகப் போட்ட மேஜை, காற்று வெளியே நின்றது. மார்கழிக் குளிரில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஒரு பாடம் முடிந்து வெளியே வந்தாள். எப்படி என்றேன். நன்றாக இருக்கிறது என்றாள். அங்கே மாதிரியா, அதைவிட மேலா என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்றாள்.

அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. ஃபேன் வைத்த பெட்டியும் ஃபேன் இல்லாத பெட்டியும் எப்படி ஒன்றாகும். அவள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகக் கதவைத் திறந்து உள்ளே போனேன். பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தேன், காதை வைத்துப் பார்த்தேன். “சத்தம் வருதா?” என்று கேட்டேன். அவள் படிப்பதை நிறுத்தி, இல்லை என்று தலையை ஆட்டி, நான் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்து, விட்ட இடத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துத் தொடங்கினாள். கால் மணி கழித்து மறுபடி போனேன். தையிலும் மாசியிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதுதான் என் வேலை. அவள் முகத்தில் ஒரு நாளும் சுளிப்பு தெரியவில்லை. எனக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை. பொங்கலுக்கு மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியபோது, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபேனே கிடையாது என்று சகலை காதில் விழுகிற மாதிரி மூன்று தடவை சொன்னேன். அவர், “அப்படீங்களாண்ணா, பரவாயில்லீங்களே” என்றார். அதில்கூட ஏதோ பொடி வைத்த மாதிரி எனக்குப் பட்டது.

பங்குனி பிறந்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக மேற்கு ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, பெட்டியின் மேல் படுத்துக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சாயங்காலம் காற்று வந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். ஒரு ஞாயிறு அவள் நீளமான பாடம் ஒன்றைப் பிடித்திருந்தாள். முந்தின பாடத்தில் நான் உள்ளே போய் வந்ததெல்லாம் அதிகம் என்று அவளுக்குப் பட்டதோ என்னவோ, அன்றைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஐம்பது நிமிடம் போல நிறுத்தாமல் படித்தாள். அப்புறம் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “அணைஞ்சுபோச்சுங்க” என்றாள்.

பெட்டியைத் தொட்டேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். தோசைக்கல் தோற்றது. சூடு தாங்காமல் அதுவே தன்னை நிறுத்திக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று நான் தேடித்தேடி வாங்கிய ஃபோம், சூட்டையும் வெளியே விடவில்லை. அவள் படித்த ஐம்பது நிமிடம் எங்கேயும் சேமிக்கப்படவில்லை. போயே போய்விட்டது. ஒரு பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்து ஓடவிட்டேன். பழைய கம்ப்யூட்டரே தேவலாம் என்கிற மாதிரி இரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். என் மேல் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும்.

அவள் தங்கைக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். சனிக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. இன்னும் ஐந்து பாடம் இருக்கிறது, அங்கேயே தங்கி முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “முடியறப்ப வாரேனுங்க. பசங்க படிக்கோணுமில்லீங்க” என்றாள். மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

ஆறு நாள் தாங்கினேன். அடுத்த ஞாயிறு மத்தியானம் வண்டியை எடுத்தேன். அவளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சட்டைப்பையில் அந்த நீள ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் அதை வைத்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும் வரைக்கும் ஒரே ஒரு ஆசைதான் மனசில் இருந்தது. அதில் ஏதாவது ஒரு குறை காதில் விழ வேண்டும்.

காரமடை தாண்டித் தோட்டத்துப் பாதையில் திரும்பியதும், தூரத்தில் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சகலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, உதட்டில் விரல் வைத்துக்காட்டி, சாவியைத் திருப்பி வண்டியை அவரே நிறுத்தினார். “அக்கா படிச்சிட்டிருக்காங்ணா” என்றார், குசுகுசுவென்று. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை மரத்தடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.

எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் நின்றார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஃப்ரிட்ஜை நிறுத்தியிருக்கிறார்கள். கிணற்று மோட்டாரையும் நிறுத்தியிருக்கிறார்கள், பாக்கு மரங்கள் நாலு மணி வரைக்கும் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். மயில் தொந்தரவு இல்லையா என்று கேட்டேன். தோட்டத்தின் அந்தக் கோடியைக் காட்டினார். இரண்டு மணிக்கு முன்னால் அங்கே கொஞ்சம் சோளத்தை இறைத்துவிடுவாராம், மயிலெல்லாம் அங்கே போய்விடுமாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காய்கறி ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியில் வெங்காயம், தக்காளி என்று கூவிக்கொண்டு வந்தது. சகலை கையை மட்டும் தூக்கினார். ஓட்டி வந்தவர் ஒலிபெருக்கியை அணைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்து, மௌனமாகக் கடந்துபோய், வளைவில் திரும்பிய பிறகு மறுபடி போட்டார்.

கம்ப்யூட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பின்பக்கமாகப் பாக்கு மூட்டைகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தபோதே கேட்டது. மூட்டைகளுக்கு நடுவில், ஒரு ஸ்டூல் மேல், என் வீட்டில் இருந்ததைவிடவும் பழைய பெட்டி ஒன்று, பக்கக் கதவு இல்லாமல், தூசி படிந்து, லொடலொடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுக்கவே தேவையில்லை. பேரிங் போய்விட்டது என்றேன்.

“ஆமாங்ணா, போய் ஆறு மாசமாச்சு. அக்காவுக்குத்தான் கேக்கறதில்லியே, உட்டுட்டேன்” என்றார்.

பெட்டியிலிருந்து நாலு ஒயர் சுவரை நோக்கிப் போனது. சுவரில் முழங்கை உயரத்தில் ஒரு ஓட்டை. ஒயர்களைச் சுற்றிச் சாக்குத் துணி அடைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் திரையும் மைக்கும் என் மனைவியும். அவ்வளவுதான். பெரிய ஃபேனும் இல்லை, வெளிநாட்டுச் சாமானும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடு, மேல்பூச்சுகூட மங்கவில்லை. அதில் போய் ஓட்டை போட்டிருக்கிறார். என் வீட்டில் சுவரில் ஆணி அடிக்க நான் யாரையும் விடமாட்டேன். காலண்டரே ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

“புதுச் செவுரு ஆச்சே” என்றேன்.

“நம்ம செவுருதானுங்ணா. அக்கா வந்த மொத நாளே போட்டுட்டேன். உங்களுக்குச் சொல்றேன்னுதான் சொன்னேன், அக்காதான் வேண்டாம்னுட்டாங்க. நீங்களே செய்யோணும்னு இருக்கீங்க, செய்யட்டும்னாங்க.”

திரும்பி முன்பக்கம் வந்தபோது மனைவி வெளியே நின்றாள். ஒரு பாடம் முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், அந்த அறையில் உட்கார வைத்து, என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். தையில் நம் வீட்டில் படித்த பாடம், பென் டிரைவில் எடுத்து வந்து இப்போதுதான் வெட்டிச் சரி செய்கிறேன் என்றாள்.

அவள் குரல் வந்தது. பின்னால் ஒரு இரைச்சலும் இல்லை. என் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி நிதானமாகப் படித்துக்கொண்டு போகிறாள். இந்தக் குரலில் அவள் என்னிடம் எப்போது பேசினாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கதவு கிறீச்சென்றது. தப்தப்பென்று செருப்பு. தகரத்தில் கை படுகிற ஓசை. ஒரு மூக்குறிஞ்சல். அப்புறம் ஒரு கரகரப்பான ஆண் குரல், மிக அருகில், “சத்தம் வருதா?” என்றது.

கொஞ்சம் தள்ளி மறுபடி கதவு, மறுபடி செருப்பு, மறுபடி அதே கேள்வி. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒரு பாடத்துக்குள் ஏழு இடம் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

“கம்ப்யூட்டர் சத்தம் மார்கழியிலேயே போயிருச்சுங்க” என்றாள் அவள். “நீங்கதான் போகல.”

அதட்டலாகச் சொல்லவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது போலிருந்தது. இத்தனை நாளாக அவள் என்னை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த புத்தகத்தை நம் வீட்டில் படிப்பாயா என்று கேட்டேன். படிக்கலாம் என்றாள். சுவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஓட்டை போடுகிறேன் என்றேன். ஓட்டை மட்டும் போதாது என்று அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

அவள் அடுத்த பாடத்துக்கு உட்கார்ந்தாள். நான் வெளியே வந்தேன். சகலை மறுபடி மரத்தடி நாற்காலியில் இருந்தார். மணி மூன்றரை, அவர் இன்னும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று கொழுந்தியா ஜன்னலுக்கு உள்ளிருந்து கையை ஆட்டிக் காட்டினாள். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் தம்பி, நான் இருக்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். அப்புறம், காஸ் வண்டி வந்தால் சிலிண்டரை உருட்டவிடாமல் தூக்கி வைக்கச் சொல்ல வேண்டும், காய்கறி ஆட்டோ திரும்பி வரும்போது கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலி சூடாக இருந்தது. அவள் இங்கே படித்த நாளெல்லாம் அவர் உட்கார்ந்த சூடு. அதன் மேல் உட்கார்ந்தபோதும், வெட்கத்தோடு கூடவே, இந்த நாற்காலி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று பழைய எரிச்சல்தான் எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வளைவில் திரும்பியது. வெங்காயம், தக்காளி. நான் கையைத் தூக்கினேன். ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தார், காலியாக இருந்த கேட்டைப் பார்த்தார், காய் வாங்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒலிபெருக்கியோடு நேராக என்னை நோக்கி வந்தார். உள்ளே அவள் குரல் நின்றது. என்னால் கத்தவும் முடியாது. எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கி, அந்த மனிதரைக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் ஒலிபெருக்கியை அணைத்தார். அப்படியே நின்றேன், ஆட்டோ ஓசையில்லாமல் என்னைக் கடந்து போகிற வரைக்கும். அவள் விட்ட வரிக்கு முன் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். சகலை ஒரு கையைத் தூக்கினால் நிற்கிற வண்டிக்கு நான் இரண்டு கையும் எடுக்க வேண்டியிருந்தது.